ஜெர்சியும் கோப்பையும்: ஹாக்கி வீரரின் மதிப்பை எதை வைத்துப் பார்ப்பது?

ஹாக்கி இந்தியா லீக் ஏலம் முடிந்த கையோடு ஒரு வாக்குவாதம் கிளம்பிவிடும். பெங்களூரில் அல்சூர், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா பக்கம் ஹாக்கி பார்த்து வளர்ந்த தமிழர்கள் நடுவே அது கொஞ்சம் சூடாகவே நடக்கும். "இவர் ஏழு அணி மாறிட்டார், எங்கேயும் நிலைக்கல, ஆளிடம் சரக்கு இல்லை" என்பது ஒரு கட்சி. "அவரிடம் நாலு கப் இருக்கு, இவரிடம் ஒண்ணு கூட இல்லை, அப்புறம் என்ன பேச்சு" என்பது இன்னொரு கட்சி. ஒரு வீரரின் பெயரைப் போட்டுத் தேடினால் வருவதும் இந்த இரண்டு விவரம்தான்: எந்தெந்த அணிக்கு ஆடினார், என்னென்ன கோப்பை வாங்கினார். அதனால் மதிப்பும் அதற்குள்தான் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணி மாறிய எண்ணிக்கை பெரும்பாலும் அந்த வீரரின் வேலை, ஏலம், அணி உரிமையாளரின் பணம் இவற்றைப் பற்றியது. கோப்பை எண்ணிக்கை பெரும்பாலும் அவர் கூட ஆடிய மற்ற பத்துப் பேரைப் பற்றியது. இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு இடத்தில் மட்டும் வீரரைப் பற்றிப் பேசும். அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் அடிப்படையிலிருந்து போக வேண்டியிருக்கிறது.

முதலில், 'அணி' என்றால் எந்த அணி?

கால்பந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வீரர் என்றால் ஒரு கிளப், ஒரு நாடு, அவ்வளவுதான். இந்திய ஹாக்கியில் ஒருவருக்கு ஒரே ஆண்டில் நான்கு அணி இருக்கலாம்.

1. சம்பளம் கொடுக்கிற அணி. ரயில்வே, இந்தியன் ஆயில், பஞ்சாப் போலீஸ், ராணுவம், வங்கி என்று ஏதாவது ஒன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, அந்த வேலைக்கு ஈடாக அந்தத் துறைக்கு ஆட்டம். வேலை கிடைப்பதற்கு முன்னால் சொந்த மாநில அணி.

2. லீக் அணி. ஏலத்தில் யார் கையைத் தூக்கினார்களோ அவர்களுடையது. சூர்மா, தமிழ்நாடு டிராகன்ஸ், ஹைதராபாத் தூஃபான்ஸ் எல்லாம் இந்த வகை.

3. வெளிநாட்டு கிளப். நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், மலேசியா, டாக்கா என்று சில மாத ஒப்பந்தத்தில் போய் ஆடிவிட்டு வருவது.

4. இந்திய அணி. இதில் மட்டும் வீரருக்கும் ஏலத்துக்கும் வேலையில்லை, தேர்வுக்குழு கூப்பிட வேண்டும்.

நாலையும் ஒரே பட்டியலில் போட்டால் எந்த நல்ல ஆட்டக்காரருக்கும் பத்துப் பெயர் வந்துவிடும். அதைப் பார்த்து 'நிலையில்லாதவர்' என்று சொல்வது தவறு.

பெங்களூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு விஷயம் கண்ணெதிரே தெரியும். மைசூரு சாலையில் கெங்கேரி போகிற வழியில் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில்தான் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டின் தேசிய கேம்பும் பெரும்பாலும் நடக்கிறது. இந்தியாவின் முதல் முப்பது நாற்பது வீரர்கள் வருஷத்தில் பல மாதங்களை அங்கேயே கழிக்கிறார்கள். ரயில்வேக்காரரும் போலீஸ்காரரும் ஒரே அறையில் தங்கி, ஒரே டர்ஃபில் ஓடி, ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள். அதே நேரத்தில் அவர்களுடைய துறை அணி எங்கோ ஓர் ஊரில் ஒரு கோப்பைக்காக ஆடிக்கொண்டிருக்கும். ஆக, ஒருவரிடம் உள்நாட்டுக் கோப்பை குறைவாக இருப்பதற்கு அவர் மிக நல்ல ஆட்டக்காரராக இருப்பதே காரணமாகிவிடலாம். கேம்புக்கு அழைப்பு வராத சக ஊழியர் அந்தக் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொள்வார். அவர் உழைத்து வாங்கியதுதான் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருவரையும் அந்தக் கோப்பையை வைத்து ஒப்பிட முடியாது.

ஏன் மாறுகிறார்கள்?

காரணங்கள் பல. முக்கியமானவை இவை.

1. வேலை. ஒப்பந்த அடிப்படையில் உதவித்தொகை தருகிற இடத்தில் சேர்ந்த பையன், நிரந்தர வேலை தருகிற துறை கூப்பிட்டதும் போய்விடுவான். போகத்தான் வேண்டும். முப்பத்திரண்டு வயதில் முழங்கால் தேய்ந்த பிறகு பணி ஓய்வு வயது வரை சம்பளம் வருவதா இல்லையா என்பதுதான் அந்த முடிவு. இதற்கு நேர் எதிராக, அல்சூர் எம்.இ.ஜி. (மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்) மையத்திலோ ஏ.எஸ்.சி.யிலோ (ஆர்மி சர்வீஸ் கோர்) சேர்ந்த ராணுவ வீரர் பதவிக்காலம் முடியும்வரை வேறு அணி என்று யோசிக்கவே முடியாது. ஒருவர் விசுவாசி, இன்னொருவர் தாவுகிறவர் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?

2. ஏலம். லீக்கில் வீரர் அணி மாறுவதில்லை, மாற்றப்படுகிறார். 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய் வரம்பு, 24 பேரை எடுக்க வேண்டும், அதில் குறைந்தது 16 இந்தியர்கள், அந்தப் பதினாறில் 4 பேர் ஜூனியர்கள். இந்தக் கணக்குக்குள் யாருக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அங்கே போய்ச் சேர வேண்டியதுதான். வீரரின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை.

3. அணியே இல்லாமல் போவது. இதைத்தான் நாம் அடிக்கடி மறக்கிறோம். 2013-ல் முதல் பட்டம் வென்ற ராஞ்சி ரைனோஸ் சீக்கிரமே காணாமல் போனது, அதே ஊரில் வேறு உரிமையாளர்களோடு ராஞ்சி ரேஸ் வந்து 2015-ல் பட்டம் வென்றது. அதற்கு முன்னால் 2005 முதல் 2008 வரை நடந்த பிரீமியர் ஹாக்கி லீக்கும் அதில் இருந்த சென்னை வீரன்ஸும் இன்று இல்லை. 2012-ல் ஒரே ஒரு முறை நடந்த வேர்ல்ட் ஹாக்கி சீரிஸும் இல்லை. ஹாக்கி இந்தியா லீக்கே 2017-க்குப் பிறகு நின்றுபோய் 2024 டிசம்பர் கடைசியில்தான் திரும்ப வந்தது. இந்த இருபது வருஷத்தில் ஆடிய ஒருவருக்கு நான்கைந்து அணிப் பெயர் இருந்தால், அதில் பாதி அவர் விட்டுப்போன அணி அல்ல, அவரை விட்டுப்போன அணி.

4. ஒத்துவராமை. பயிற்சியாளரோடு மனக்கசப்பு, ஒழுங்கீனம், உடல் தகுதி குறைவு, இவையும் உண்டு. ஒருவர் ஒவ்வோர் அணியிலிருந்தும் ஒரே பருவத்தில் வெளியேற்றப்பட்டு, யாரும் திரும்பக் கூப்பிடாமலே இருந்தால், அதில் கவனிக்க வேண்டிய சேதி இருக்கிறதுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க எத்தனை அணி என்று எண்ணினால் போதாது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் பார்க்க வேண்டும்.

அணி மாறவே முடியாத ஹாக்கியும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குடகில் 1997-ல் 60 குடும்பங்களோடு தொடங்கிய கொடவர் குடும்ப ஹாக்கித் திருவிழாவில் 2024-ல் 360 குடும்ப அணிகள் ஆடின. ஜெர்சியில் குடும்பப் பெயர். அங்கே எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பெரியப்பாவையும் பன்னிரண்டு வயது தம்பியையும் வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும். அப்படி ஆடி முதல் சுற்றிலேயே தோற்று வெளியே வருகிற இந்திய வீரரை அங்கே யாரும் மதிப்பு குறைந்தவர் என்று நினைப்பதில்லை, காரணம் கண்ணெதிரே தெரிகிறது. லீக்கிலும் அதே காரணம் இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை.

கோப்பை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எட்டு அணி இருக்கிற லீக், எட்டும் சம பலம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஐந்து பருவம் ஆடுகிறார். ஒவ்வொரு பருவத்திலும் அவர் அணி பட்டம் வெல்லாமல் போகிற வாய்ப்பு எட்டில் ஏழு. ஐந்து பருவத்திலும் ஒன்றுகூட வெல்லாமல் போகிற வாய்ப்பு, ஏழின்கீழ் எட்டை ஐந்து முறை பெருக்கினால், சுமார் 51 சதவீதம். அதாவது எந்தக் குறையும் இல்லாத ஒருவர் கோப்பையே இல்லாமல் ஓய்வு பெறுவது, கோப்பையோடு ஓய்வு பெறுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நடக்கக்கூடியது. வீரர் கொஞ்சம் உயர்ந்தவராக இருந்தால் இது மாறும், ஆனால் எவ்வளவு மாறும்? பதினொரு பேரில் ஒருவர், அதிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் ஃபார்வர்டு சில நிமிடத்துக்கு ஒரு முறை பெஞ்சுக்கு வந்து உட்கார்கிற ஆட்டம் இது. கூடைப்பந்து மாதிரி ஒரே ஆள் அணியைத் தூக்கிக்கொண்டு போவது இங்கே கஷ்டம்.

நடந்ததைப் பாருங்கள். 2013 லீக்கில் அதிக கோல் போட்டவர் சந்தீப் சிங், 11 கோல். அவர் ஆடிய மும்பை மேஜிஷியன்ஸ் கடைசி இடம். அதே மும்பை அணியில் இருந்தவர் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ். பிறகு உத்தரப் பிரதேச விஸார்ட்ஸ் போனார். 2013 முதல் 2017 வரை ராஞ்சி ரைனோஸ், டெல்லி வேவ்ரைடர்ஸ், ராஞ்சி ரேஸ், பஞ்சாப் வாரியர்ஸ், கலிங்கா லான்சர்ஸ் என்று ஐந்து அணிகள் பட்டம் வென்றன, ஸ்ரீஜேஷின் இரண்டு அணியும் அதில் இல்லை. டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்று இருந்த கடைசி நொடிகளில் பெனால்டி கார்னரை, அதாவது தடுக்கிற அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பை, தடுத்து 41 வருஷத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு ஒலிம்பிக் மெடல் வாங்கிக்கொடுத்தவர், பாரீஸில் இரண்டாவது வெண்கலத்தோடு விடைபெற்றவர், 16-ஆம் எண் ஜெர்சியையே சீனியர் அணியில் வேறு யாருக்கும் தரமாட்டோம் என்று ஹாக்கி இந்தியா ஒதுக்கி வைத்த ஆள். லீக் கோப்பையை வைத்து எடை போட்டால் அவர் பூஜ்யம்.

கோப்பையின் அளவும் எப்போதும் ஒன்றல்ல. 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஹாக்கிக்கு வந்தவை மூன்றே அணிகள். இந்தியா ஜப்பானை 11-1, அமெரிக்காவை 24-1 என்று வென்று தங்கம் வாங்கியது, இரண்டே ஆட்டம். தியான்சந்தின் பெருமை அந்த 24-1-ல் இல்லை, 1928-ல் ஐந்து ஆட்டத்தில் 14 கோல் போட்டதிலும் 1936-ல் பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று அடித்ததிலும் இருக்கிறது. மூன்றும் பட்டியலில் 'தங்கம்' என்றுதான் நிற்கும். 1980 மாஸ்கோவில் புறக்கணிப்பு காரணமாக மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் வரவில்லை, ஆறு அணிகள். நம் தமிழ்நாட்டு பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. அந்தப் போட்டியில் டான்சானியாவை 18-0 என்று வென்றதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் மூன்று கோல் போட்டுத் துரத்தியும் 4-3 என்று பிடித்து நின்றதைச் சொல்கிறோம். அதே அணி போலந்தோடும் ஸ்பெயினோடும் முன்னதாக 2-2 என்று டிரா செய்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த 4-3-ன் அருமை புரியும்.

கோல் எண்ணிக்கையும் இதே சிக்கலில்தான் இருக்கிறது. 2016 லீக்கில் ஃபீல்டு கோல் (பெனால்டி இல்லாமல் ஆட்டத்தின் ஓட்டத்தில் விழும் கோல்) ஒன்றுக்கு இரண்டு கோல் என்று விதி கொண்டுவந்தார்கள். அந்த வருஷ ஸ்கோரையும் 2013 ஸ்கோரையும் பக்கத்தில் வைத்து யாராவது ஒப்பிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, வாய்ப்பே இல்லாதவர்கள். பெண்கள் ஹாக்கி இந்தியா லீக் முதன்முதலாக நடந்தது 2025 ஜனவரியில், நான்கு அணிகளோடு. ராணி ராம்பால் 2024 அக்டோபரிலேயே ஓய்வு அறிவித்துவிட்டார். டோக்கியோவில் இந்தியாவை நான்காவது இடம் வரை கூட்டிப்போன கேப்டன், லீக் கோப்பை வரிசையில் வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குப் பொறுப்பு அவரா?

கணக்கில் வராத வேலை

சாந்திநகர் பக்கம் அக்கித்திம்மனஹள்ளியில் இருக்கும் ஹாக்கி மைதானத்துக்கு ஒரு நாள் போங்கள். உள்ளூர் லீக் ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. நடுக்கோட்டுப் பக்கம் உட்காராமல் கோல் போஸ்ட் பக்கமாகப் போய் நின்று ஒரே ஒரு பெனால்டி கார்னரை மட்டும் பாருங்கள்.

கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். நான்கு பேர் அவசர அவசரமாக முகக்கவசம் மாட்டுவார்கள், முழங்கால் கார்டைக் கட்டுவார்கள். எதிரணியில் ஒருவர் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவார், அவர் இன்ஜெக்டர். வட்டத்துக்கு வெளியே ஒருவர் குனிந்து அதை நிறுத்துவார், அவர் ஸ்டாப்பர். மூன்றாமவர் அதை இழுத்துச் சுழற்றி கோலுக்குள் எறிவார், அவர்தான் டிராக் ஃபிளிக்கர். பந்து தள்ளப்பட்ட அந்த நொடியில் தடுக்கிற பக்கத்திலிருந்து ஒருவர் மட்டும் நேராக ஃபிளிக்கரை நோக்கி முழு வேகத்தில் ஓடுவார். அவர் ஃபர்ஸ்ட் ரஷர். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரக்கூடிய பந்தின் பாதையில் தன் உடம்பையே கொண்டுபோய் வைக்கிறார். பந்து முழங்காலுக்குக் கீழே பட்டு ஒரு சத்தம் வரும், மைதானம் முழுக்கக் கேட்கும். அவர் நொண்டிக்கொண்டே எழுந்து திரும்ப கோட்டுக்குப் போவார், ஏனென்றால் பெரும்பாலும் இன்னொரு பெனால்டி கார்னர்தான் கிடைத்திருக்கும்.

கோல் விழுந்தால் ஸ்கோர் புத்தகத்தில் ஃபிளிக்கர் பெயர் ஏறும். தள்ளியவர், நிறுத்தியவர் பெயர் ஏறாது. விழாவிட்டால் யார் பெயருமே ஏறாது. ஓடிப்போய் அடி வாங்கியவருக்கு எந்தக் கட்டமும் இல்லை.

பாரீஸ் 2024-ல் இந்த வேலையை இந்தியாவுக்குச் செய்தவர் அமித் ரோஹிதாஸ். பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதியில் 17-ஆவது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை. மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடி 1-1 என்று கொண்டுபோய் ஷூட் அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது. ஆனால் அரையிறுதிக்கு அவருக்குத் தடை. அந்த ஆட்டத்தில் ஜெர்மனி 3-2 என்று வென்றது, அவர்களுடைய முதல் கோல் பெனால்டி கார்னரில் வந்தது. ரோஹிதாஸ் இருந்திருந்தால் அது விழுந்திருக்காது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு நாள் எத்தனை பேர் அவர் இல்லாததைப் பேசினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு டிஃபெண்டரின் மதிப்பு அவர் இல்லாத ஆட்டத்தில்தான் சட்டென்று கண்ணில் படுகிறது, அதை எந்தப் பட்டியலில் எழுதுவது?

கோப்பை உண்மையிலேயே பேசுகிற இடம்

அந்த அரையிறுதியில் ஜெர்மனிக்காக அந்தப் பெனால்டி கார்னர் கோலைப் போட்டவர் கொன்சாலோ பெய்லட். அவர் கதைதான் இந்தக் கேள்விக்குச் சரியான பாடம்.

அர்ஜென்டினாக்காரர். 2014 உலகக் கோப்பையில் அதிக கோல். 2016 ரியோவில் 11 கோலோடு அதிக கோல் போட்டவர், அர்ஜென்டினாவுக்கு முதல் ஹாக்கி தங்கம். பிறகு அணி நிர்வாகத்தோடு ஒத்துப்போகவில்லை, தேசிய அணியை விட்டு விலகினார். ஜெர்மனியில் மன்ஹைம் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தவர் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்று, நாடு மாறுகிறவர்களுக்கு சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பு விதித்திருக்கும் காத்திருப்புக் காலம் முடிந்ததும் ஜெர்மனி ஜெர்சி போட்டார். இதைவிடப் பெரிய அணி மாற்றம் கிடையாது, நாட்டையே மாற்றிவிட்டார். 2023-ல் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹாட்ரிக், ஜெர்மனி 4-3. இறுதி ஆட்டத்தில் பெல்ஜியத்தை ஷூட் அவுட்டில் வென்று உலக சாம்பியன்.

இங்கே கோப்பை அவரைப் பற்றி ஏதோ சொல்கிறது. ஏன்? சுற்றி இருந்த பத்துப் பேரும் மாறிவிட்டார்கள். பயிற்சியாளர், மொழி, பந்தைத் தள்ளிக் கொடுக்கிறவர், நிறுத்துகிறவர் எல்லாமே வேறு. மாறாதது அவர் மட்டும்தான். சூழ்நிலை மாறியும் விளைவு மாறவில்லை என்றால் அந்த விளைவில் அவருக்குப் பெரிய பங்கு இருக்க வேண்டும். ஒரே பலமான அணியில் உட்கார்ந்து ஐந்து கோப்பை வாங்கியவரைப் பற்றி இந்த மாதிரி சொல்ல நமக்கு ஆதாரம் போதாது. அவரும் பெரிய ஆட்டக்காரராகவே இருக்கலாம், பல்பீர் சிங் சீனியர் மூன்று தங்கமும் ஒரே இந்திய ஜெர்சியில்தான் வாங்கினார். ஆனால் அவர் பெரியவர் என்பது நமக்குத் தெரிவது தங்கத்தின் எண்ணிக்கையால் அல்ல, 1952 ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக இந்தியா போட்ட ஆறு கோலில் ஐந்து அவருடையது என்பதால்.

ஜெர்மனியின் மோரிட்ஸ் ஃபூர்ஸ்டேயும் பெய்லட் வரிசையில் வருவார். 2013-ல் ராஞ்சி ரைனோஸ் கேப்டனாகப் பட்டம், 2017-ல் கலிங்கா லான்சர்ஸ் கேப்டனாகப் பட்டம். வேறு ஊர், வேறு ஆட்கள், அதே தலைமை. அதனால்தான் முன்னால் சொன்னேன், அணி மாற்றமும் கோப்பையும் தனித்தனியாகப் பேசாது, சேர்ந்து பேசும். அணி மாறியதைக் குறையாகச் சொல்கிறவர்கள், அந்த மாற்றம்தான் வீரரைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிற ஒரே சோதனை என்பதைப் பார்ப்பதில்லை.

ஆனால் இதே பெய்லட் 2025 பிப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் ஹைதராபாத் தூஃபான்ஸுக்காக லீக் இறுதி ஆட்டம் ஆடி, இரண்டு கோல் போட்டு, 4-3 என்று தோற்றார். ராஹ் பெங்கால் டைகர்ஸுக்காக ஜுக்ராஜ் சிங் மூன்று கோல் போட்டார். ஒரு கோல் வித்தியாசம். பெய்லட்டின் மதிப்பு அன்று சாயங்காலம் குறைந்துவிட்டதா என்ன?

விலை?

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2024 ஏலத்தில் அதிக விலை ஹர்மன்பிரீத் சிங்குக்கு, சூர்மா அணி 78 லட்சம் கொடுத்தது. நியாயமான விலைதான், உலகத்தரமான இந்திய டிராக் ஃபிளிக்கர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், எட்டு அணிக்கும் ஒருவர் வேண்டும். விலை அந்தப் பற்றாக்குறையைச் சொல்கிறது. ஃபர்ஸ்ட் ரஷருக்கும் ஸ்டாப்பருக்கும் விலை குறைவு என்றால் வேலை சுலபம் என்று பொருள் இல்லை, ஏலக் கூடத்தில் அந்த வேலையைக் காட்ட ஓர் எண் இல்லை என்றுதான் பொருள்.

பட்டியலை எப்படிப் படிப்பது: ஒரு முழு உதாரணம்

இனி ஒரு வீரரின் விவரப் பக்கத்தைத் திறந்தால் நான் பார்க்கிறவை இவை:

1. ஒவ்வோர் அணியையும் யார் முடிவால் விட்டார்? தன் முடிவா, ஏலமா, அணி மூடியதா?
2. கோப்பை வாங்கிய அணியில் அவர் பொறுப்பு என்ன? 24 பேரில் ஒருவரா, முக்கிய நிமிடங்களில் களத்தில் நின்றவரா?
3. அவரைப் பார்த்தவர்கள் திரும்பக் கூப்பிட்டார்களா?

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். கூட ஆடியவர்களும் எதிர்த்து ஆடியவர்களும் பயிற்சியாளர்களும் நம்மைவிட அதிகம் பார்த்தவர்கள், அவர்கள் பணமும் இடமும் கொடுத்துக் கூப்பிடுவது நம் வாக்குவாதத்தைவிட உறுதியான சாட்சி.

தன்ராஜ் பிள்ளையின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். புனேக்குப் பக்கத்தில் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், அப்பா ஆயுதத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரித்தவர். அணிகள்: மும்பையில் மஹிந்திரா, பிறகு இந்தியன் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா. வெளியே லண்டன் இந்தியன் ஜிம்கானா, பிரான்ஸில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், மலேசியாவில் இரண்டு கிளப், டாக்காவில் அபஹானி, ஹாங்காங்கில் கால்சா. அப்புறம் பிரீமியர் லீக்கில் மராத்தா வாரியர்ஸ். பத்துக்கு மேல். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டு. ஒலிம்பிக் மெடல் இல்லை, உலகக் கோப்பை மெடல் இல்லை. ஒலிம்பிக்கில் அவர் அணியின் இடங்கள் ஏழு, எட்டு, ஏழு, ஏழு.

முதலில் சொன்ன இரண்டு கட்சியும் இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரே தீர்ப்புதான் சொல்லும். மூன்று கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். ஏன் மாறினார்? வேலை, பிறகு ஒவ்வொரு நாட்டிலும் பருவத்துக்குப் பருவம் வந்த அழைப்பு. பொறுப்பு என்ன? 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் கேப்டன், அந்தப் போட்டியில் பத்து கோல், இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை பெனால்டி ஸ்ட்ரோக்கில் வென்று தங்கம். 2003-ல் கேப்டனாக ஆசியக் கோப்பை. பாங்காக்கில் ஸ்ட்ரோக்குகளைத் தடுத்தவர் பெங்களூரின் ஆஷிஷ் பல்லால் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அந்தத் தங்கம் தன்ராஜ் ஒருவருடையது அல்ல. திரும்பக் கூப்பிட்டார்களா? பாங்காக் தங்கத்துக்குப் பிறகு அவரையும் இன்னும் சில சீனியர்களையும் அணியிலிருந்து எடுத்தார்கள். அப்படி எடுத்தவர்களே திரும்பச் சேர்த்தார்கள், 2000 சிட்னிக்கு அவர் போனார்.

சிட்னியில் கடைசி லீக் ஆட்டம் போலந்தோடு. வென்றால் அரையிறுதி. இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தது, ஆட்டம் முடிய மிகக் கொஞ்ச நேரமே இருக்கும்போது போலந்து சமன் செய்தது. இன்று தன்ராஜின் பட்டியலில் அந்த வரி 'சிட்னி 2000, ஏழாவது இடம்' என்று இருக்கிறது.